நம்மாளின் உள்ளூர் செல்வாக்கு

தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே பதினேழாம் எண் வீட்டுத் தம்பதிக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பதாவது வருடம், ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு மகன் பிறந்தான். பிறக்கும்போதே அவனுக்கு வயது பத்தொன்பது. உயரம் ஆறடி ஓர் அங்குலம், எடை எழுபத்தெட்டு கிலோ, எறிகிற கை வலது. தாயும் தகப்பனும் அந்த நேரத்தில் வேலைக்குப் போயிருந்ததால், பக்கத்து வீட்டு சைக்கிள் கடைக்காரர் கையெழுத்துப் போட்டு அவனை வாங்கிவைத்தார். சாயங்காலம் ஐந்தரைக்குத் தாய் முதலில் வீடு திரும்பியபோது, உங்க வீட்டுக்கு ஒண்ணு வந்திருக்கு, ஸ்டூல்ல உக்கார வச்சிருக்கேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த டியூபுக்குக் காற்றடிக்கப் போய்விட்டார்.

இது எப்படி நடந்தது என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. தகப்பனுக்கு பார்சல் கம்பெனியில் வேலை. நாலு திசையிலிருந்தும் வந்து குவியும் மூட்டைகளையும் பெட்டிகளையும் விலாசம் பார்த்துப் பிரித்து அந்தந்த வண்டிக்குத் தள்ளிவிடுகிற கொட்டகையில் இருபத்திரண்டு வருடமாக நின்றவர். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு விலாசம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். கதவு எண் இல்லாமல், தெருப்பெயர் பாதியில் நின்று, யாருக்கும் போய்ச் சேராத பார்சல்களுக்கென்று அங்கே ஓர் அலமாரி உண்டு. அதில் ஒரு ஜோடிக் குழந்தைக் காலணி ஏழு வருடமாக இருந்தது. அதைத் தினமும் பார்த்துப் பார்த்தோ என்னவோ, அரைகுறை விலாசம் என்றாலே அவருக்கு ஆகாது. மளிகைக் கடையில் சும்மா பெயரைக் கேட்டால்கூட, கதவு எண்ணில் ஆரம்பித்து, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கொடுக்கவும் என்பதுவரை சொல்லி முடித்தால்தான் மூச்சு விடுவார்.

குழந்தைக்காக எட்டு வருடம் ஆஸ்பத்திரிப் படி ஏறி இறங்கிய பிறகு, ஒருநாள் இருவரும் சொல்லிவைத்தாற்போல ஏறுவதை நிறுத்தினார்கள். அதைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்தினார்கள். அதற்கப்புறம் ஒருநாள், கொட்டகை மேற்பார்வையாளர் தூக்கிப் போட இருந்த பழைய கம்ப்யூட்டரை விலாசம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்குள் ஏற்கெனவே ஒரு பேஸ்பால் விளையாட்டு இருந்தது. ஊரில் பேஸ்பால் மட்டையை நேரில் பார்த்தவர் கிடையாது. அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. அந்த விளையாட்டில் மட்டையை யாரும் தொடவே வேண்டாம். இவர்தான் அணியின் மேலாளர். யார் எறிய வேண்டும், யார் அடிக்க வேண்டும், யார் ஓய்வெடுக்க வேண்டும், யாரை எந்த அணிக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு 'அடுத்த நாள்' என்ற பொத்தானை அமுக்கினால், அன்றைய ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடி, முடிவை எழுதிக் காட்டும். எதை எங்கே அனுப்புவது என்பதுதான் மொத்த விளையாட்டே என்பதால் விலாசத்துக்கு அது பிடித்துப்போனது. அணிக்குத் தன் ஊர்ப் பெயரையே வைத்தார். தோற்றுக்கொண்டே இருந்தார்.

தோற்பதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. ஆட்டம் பார்க்க ஆள் வராததுதான் உறுத்தியது. உதவிப் பக்கத்தைப் படித்துப் பார்த்தார். ஒவ்வொரு வீரனுக்கும் 'உள்ளூர் செல்வாக்கு' என்று பூச்சியத்திலிருந்து நூறுவரை ஓர் எண் உண்டு, சொந்த ஊர்க்காரன் அணியில் இருந்தால் அவனுக்கு அந்த எண் சீக்கிரம் ஏறும், லேசில் இறங்காது, மைதானம் நிறையும் என்று போட்டிருந்தது. புதன்கிழமை சாயங்காலம் அவர் 'புதிய வீரர்' படிவத்தைத் திறந்தார். உயரம், எடை, வயது எல்லாம் நிரப்பிக்கொண்டு வந்தவர், 'சொந்த ஊர்' என்ற கட்டத்துக்கு வந்ததும் கைப்பழக்கத்தில் முழு விலாசத்தையும் எழுதிவிட்டார். கதவு பூட்டியிருந்தால் என்பது உட்பட. முழு விலாசம் எழுதினால் சரக்கு மறுநாளே வந்துவிடும் என்று அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார், ஆகவே வியாழக்கிழமை அவர் ஆச்சரியப்பட்டிருக்கக் கூடாது.

தாய் வேலை செய்தது பல்செட் செய்கிற பட்டறையில். டாக்டர்கள் எடுத்தனுப்பும் அளவில் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுப்பது, மெழுகில் பல்லை நட்டுச் சரிபார்ப்பது, தேய்த்து மெருகேற்றுவது என்று பதினாறு வருடம். தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். முகத்தை மறந்தாலும் மறப்பாள், பல்லை மறக்க மாட்டாள். சைக்கிள் கடை ஸ்டூலிலிருந்து எழுந்த அந்த நெடியவன் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சிரிப்பு சிரித்தான். மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் விலாசத்துக்கு இருக்கிற அதே சந்து. கீழே இடதுபக்கக் கோரைப்பல் அவளுடையதைப் போலவே லேசாகத் திரும்பி, பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்துகொண்டு. அந்தப் படிவத்தில் பல்லுக்கென்று கட்டமே கிடையாது என்று பிற்பாடு விலாசம் சத்தியம் செய்தார். பல்லக்கா கைப்பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட மறந்து, வைத்த கண் வாங்காமல் நின்றாள்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"காலையிலேர்ந்து ஒண்ணும் இல்லம்மா" என்றான் அவன்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

விளையாட்டு அவனுக்குக் கொடுத்திருந்த ஆரம்பச் செல்வாக்கு முப்பத்துநாலு. முப்பத்துநாலு என்றால் என்ன என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது. ஊரில் நூற்றுக்கு முப்பத்துநாலு பேருக்கு அவனைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்திருந்தது. கடைத்தெரு முடிதிருத்துபவர், முதல் முடி வெட்டியபோது அவன் அழுத அழுகையைச் சொல்லிச் சிரித்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்த ஒரு மத்தியானத்துக்காக இப்போது வருத்தம் தெரிவித்தார். கண்ணாடிக் கடைக்காரர், பதினொரு வருடத்துக்கு முன் இவன் எறிந்த பந்தில் மேல்மாடி ஜன்னல் உடைந்தது என்றார். போய்ப் பார்த்தால் ஜன்னல் உடைந்துதான் இருந்தது, விரிசலில் பதினொரு வருடத் தூசியும் இருந்தது. மிச்சம் அறுபத்தாறு பேருக்கு அவனை யாரென்றே தெரியவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் அவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது மறுத்துப் பேசுவதற்கு அவர்களுக்கு என்ன தலையெழுத்து. அவனை எல்லோரும் நம்மாளு என்று கூப்பிட்டார்கள்.

சீசன் தொடங்கியதும் நம்மாளு காலை ஏழு பத்து பஸ்ஸில் கிளம்பிப் போனான். அந்த பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் ஒரு சிமெண்ட் கிடங்கைத் தவிர வேறொன்றும் கிடையாது. அவன் அங்கே இறங்கி, கிடங்கின் பின்புறம் நடந்துபோனதைக் கண்டக்டர் பார்த்திருக்கிறார். பிறகு எட்டு வாரம் வரவில்லை. அந்த எட்டு வாரமும் தினம் ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை விலாசம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அமுக்க, பல்லக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரையில் வருகிற வரிகளிலிருந்து மகனைத் தெரிந்துகொண்டாள். இன்று ஏழு பேரை வெளியேற்றினான். இன்று தோள் சோர்வு. இன்று நன்றாகத் தூங்கினான் என்று எதுவும் வராது. அதை அவளே சேர்த்துக்கொள்வாள். சொந்த மைதானத்தில் ஆட்டம் நடந்த நாட்களில் அந்த நேரத்தில் ஊர் மக்கள் கையிலிருந்த வேலையை அப்படியே விட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏழு மணிக்கு மேல் பேச வாயைத் திறந்தால் தொண்டை கட்டியிருக்கும். திரையில் பார்வையாளர் பதினோராயிரத்து நானூற்று ஆறு என்று வந்த அன்று, ஊரில் தொண்டை கட்டியவர்களும் கிட்டத்தட்ட அத்தனை பேர்தான். மருந்துக் கடைக்காரர் தொண்டை மிட்டாய்ப் பாட்டிலை உள் அலமாரியிலிருந்து எடுத்து முன்னால் வைத்தார்.

எட்டு வாரத்தில் ஒரு சீசன் முடியும். முடிந்ததும் விலாசம் இரண்டு வாரம் கம்ப்யூட்டரைத் தொட மாட்டார், நம்மாளு வீட்டில் இருப்பான். பிறகு மறுபடி ஏழு பத்து பஸ். இப்படிப் போய் வரப் போய் வர அவனுடைய செல்வாக்கு ஏறியது. ஐம்பதில், அவன் ஏறுகிறவரை பஸ் காத்திருந்தது. அறுபதைத் தாண்டியபோது, அவன் நடக்கிற பக்கத்துக்கு நிழல் தெரு மாறி விழுந்தது. எழுபதில், அவன் துவைத்துப் போட்ட சட்டை காய்கிறவரை மழை பொறுத்திருந்தது. எண்பத்தொன்றில், கடைத்தெருவில் அவனிடம் யாரும் காசு வாங்குவதில்லை, எங்கேயும் அவனை வரிசையில் நிற்க விடுவதில்லை. முடிதிருத்துபவர் பாதி முடி வெட்டியவரை எழுப்பிவிட்டு இவனை நாற்காலியில் உட்கார வைத்தார், பாதி முடியோடு எழுந்தவரும் சந்தோஷமாகத்தான் எழுந்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். ஊருக்கே பொன் குஞ்சாகிவிட்டால் காக்கை என்ன செய்யும்? பல்லக்கா மார்க்கெட்டுக்குப் போனால் தலை நிமிர்ந்துதான் நடந்தாள், அதை மறைக்கவும் இல்லை.

அவள் முதன்முதலாகப் பயந்தது எட்டாவது சீசன் முடிந்து அவன் வந்தபோதுதான். சாப்பிடும்போது ஏதோ சொல்லிச் சிரித்தான். கடைவாய்ப் பல்லின் மேடுகள் மழுங்கியிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். முதல்நாள் சைக்கிள் கடையில் பார்த்தபோது அவை புத்தம் புதிதாகக் கூர்மையாக இருந்தவை. ஒன்றரை வருடத்தில் எந்தப் பல்லும் அப்படித் தேயாது, எட்டு வருடமாவது வேண்டும். விளையாட்டில் ஒரு சீசன் என்பது ஒரு வயது. பத்து வாரத்துக்கு ஒரு வயதாக அவனுக்கு ஏறிக்கொண்டிருந்தது. பத்தொன்பதில் வந்தவன் இருபத்தேழில் நின்றான். அவளோ நாற்பதிலிருந்து நாற்பத்தொன்றரைக்கு வந்திருந்தாள். இப்படியே போனால் இன்னும் மூன்றரை வருடத்தில் மகன் அவளைப் பிடித்துவிடுவான், அப்புறம் தாண்டிவிடுவான், அப்புறம் அவள் கண்ணெதிரே கிழவனாகி அவளுக்கு முன்னால் போய்விடுவான். நடுவில் ஓய்வு பெற்றால் தப்பிக்கலாமா என்று உதவிப் பக்கத்தைப் படிக்கச் சொன்னாள். அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: ஓய்வு பெறும் வீரர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டு எங்கே போவார்கள் என்று இல்லை.

"என்னங்க, இனிமே அந்தப் பொத்தானை அமுக்காதீங்க" என்றாள்.

"அமுக்கலன்னா அவன் எங்கேயும் போக மாட்டானே."

"அதுக்குத்தான் சொல்றேன்."

விலாசம் எழுந்து போனார். கம்ப்யூட்டருக்கு ஒரு தலையணை உறையை மாட்டி மூடிவைத்தார். அன்றிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் குழாய்களுக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார்.

முதல் ஆறு மாதம் பல்லக்காவின் வாழ்க்கையில் இருந்த மாதங்களிலேயே நல்ல மாதங்கள். பஸ் நேரம் பார்க்க வேண்டியதில்லை. பட்டறையிலிருந்து வந்தால் வாசலில் அவனுடைய பதினோரு அங்குலச் செருப்பு கிடக்கும், அதைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு நிறைந்துவிடும். இவ்வளவு காலம் சேர்த்துவைத்திருந்த அதட்டல்களையெல்லாம் அவன்மேல் செலவழித்தாள். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடாதே என்றாள், வாசலில் நின்று சாப்பிடாதே என்றாள், இந்த உயரத்துக்கு நிலைப்படியில் குனியாமல் போனால் ஒருநாள் மண்டை உடையும் என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் சரிம்மா என்றான். தகப்பனும் மகனும் ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் உட்கார்ந்து, தோற்றுப்போன பழைய ஆட்டங்களில் எங்கே தப்பு நடந்தது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். விலாசம்தான் அவனைத் தப்பான நாளில் எறியவிட்டார் என்று தெரியவரும்போதெல்லாம், பரவால்லப்பா என்று அவன் சொல்லுவான்.

பொத்தான் அமுங்காததால் அவனுக்கு வயது ஏறவில்லை. வேறு எதுவும்கூட நகரவில்லை. தலைமுடி வளரவில்லை, முடிதிருத்துபவர் மாதத்துக்கு ஒருமுறை அவனை உட்கார வைத்து, வெட்ட எதுவும் இல்லாமல் சீவி மட்டும் அனுப்பினார். நகம் வளரவில்லை. பசிக்காது, போட்டால் சாப்பிடுவான். செல்வாக்கு எண்பத்தொன்றிலேயே நின்றுவிட்டது. நின்ற செல்வாக்கு எப்படியிருக்கும் என்பதையும் ஊர் பார்த்தது. தினமும் காலை மருந்துக் கடைக்காரர் அடுத்த ஆட்டம் எப்போ என்று கேட்டார், நேற்றும் கேட்டோம் என்பது அவருக்கு நினைவில்லை. அதே நாலு பேர் அதே முனையில் அதே காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். முன்னெல்லாம் ஜெயித்தால் கொஞ்சம் கூடவும் தோற்றால் கொஞ்சம் கடிந்தும் பேசின ஊர், இப்போது கூட்டாமல் குறைக்காமல் ஒரே அளவில் அன்பாக இருந்தது. அதில் மாட்டிக்கொண்டவனுக்கு மூச்சு முட்டும்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். எறிந்த கையும் அப்படித்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு நம்மாளு மொட்டைமாடிக்குப் போய் ஒரு பந்தை எறிவான். பந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டி நாலு முழம் போய், தெருவுக்கு மேலே அப்படியே நின்றுவிடும். விழாது. மறுநாள் இன்னொன்று. ஒரு வருடத்தில் தெருவின் மேல் முந்நூற்றுச் சொச்சம் வெள்ளைப் பந்துகள் நின்றன. காகங்கள் அவற்றின்மேல் உட்காரப் பழகிக்கொண்டன. மின்வாரிய ஆள் வந்து அண்ணாந்து பார்த்து, கம்பியில் படாதவரை தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவன் யாரிடமும் எதுவும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. எறிந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பான், கீழே வந்து காய் நறுக்கிக் கொடுப்பான்.

பல்லக்காவுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. மாதம் ஒருமுறை மகனின் வாய்க்கு அளவெடுத்து, பட்டறையில் மிஞ்சுகிற பிளாஸ்டரில் அச்சு ஊற்றிவைப்பாள். வயது ஏறவில்லை என்று கண்ணால் பார்த்துக்கொண்டால் அவளுக்கு ஒரு நிம்மதி. பதினாலு மாதத்தில் பதினாலு அச்சுகள் அவளுடைய மேஜைக்கு மேலே வரிசையாக இருந்தன, மயிரிழை வித்தியாசம் இல்லாமல். ஒருநாள் மெருகேற்றுகிற பெரியவர் பசை எடுக்க வந்தவர், அந்த வரிசையைப் பார்த்து, இரண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பட்டறையிலேயே கண் கூர்மையானவர் அவர்தான்.

"நல்லா பண்ணியிருக்கம்மா. அந்தக் கோரைப்பல்லைத் திருப்பி வச்சிருக்கே பாரு, அசல் மாதிரியே இருக்கு. யாருக்கு இந்த செட்?"

செட் இல்லை, நிஜப் பல் என்றாள் அவள். பெரியவர் நம்பவில்லை. நிஜப் பல் என்றால் மாதத்துக்கு மாதம் எங்கேயாவது கொஞ்சம் தேயும், நகரும், ஒரு கீறலாவது விழும்; சாப்பிடுகிற வாய், பேசுகிற வாய் சும்மா இருக்குமா; இப்படி அச்சடித்தாற்போல் இருப்பது கண்ணாடி டம்ளரில் போட்டு வைக்கிற பல்தான் என்று சொல்லிவிட்டு, பசையை எடுத்துக்கொண்டு போனார். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் சொன்னார். பல்லக்காவுக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. பெற்ற பிள்ளையை எடுத்து டம்ளரில் போட்டு மூடிவைத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது, தோன்றியதைத் திரும்ப விழுங்க முடியவில்லை. பதினாலு அச்சுகளையும் உடைத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, அனுமதி கேட்காமலே நாலு மணிக்கு வீட்டுக்கு நடந்தாள்.

நம்மாளு மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே பந்துகள் நின்றன.

"உனக்கு ஆடணும்னு இருக்காடா?" என்று கேட்டாள்.

"நான் எதுவும் கேக்கலையேம்மா."

"நீ கேக்காம இருக்கறதுதான்டா எனக்குத் தாங்கல."

அவன் துணியை மடித்துக்கொண்டே இருந்தான். மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்தான். பிறகு, "ஆடினா சீக்கிரம் வயசாயிடும்மா. நீ பயப்படுவியே" என்றான். அவனுக்குக் கணக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. பல்லக்கா அவன் கையிலிருந்த சட்டையை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள், பயந்தால் பயந்துவிட்டுப் போகிறேன், நீ போய் ஆடு என்றாள். ஆறு மணிக்குத் தலையணை உறையைக் கழற்றியதும் அவள்தான், விலாசத்தின் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள்தான். எந்தப் பொத்தான் என்று மட்டும் அவர் காட்டிக்கொடுத்தார். அவள் அமுக்கியதும் தெருவின் மேல் நின்ற பந்துகள் அத்தனையும் ஒரே சமயத்தில் விழுந்தன. யாருக்கும் அடிபடவில்லை. ஒரு வாரத்துக்கு ஊரில் ஓட்டை வாளி, உடைந்த கூடை எல்லாவற்றிலும் பேஸ்பால் பந்து கிடந்தது, மேஜைக்கால் ஆடுகிறவர்கள் ஒன்றை எடுத்து அண்டை கொடுத்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு வருடங்கள் ஓடின, பத்து வாரத்துக்கு ஒன்றாக. இருபத்தொன்பது வயதில் அவன் ஒரே சீசனில் பதினெட்டு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தான். ஊரில் தொண்டை சரியாக இருந்தவர்களைக் கையில் எண்ணிவிடலாம். முப்பத்துமூன்றில் பணக்கார அணி ஒன்று அவனைக் கேட்டு, பதிலுக்கு மூன்று நல்ல ஆட்டக்காரர்களைத் தருவதாகத் திரையில் வந்தது. அந்த மூவர் வந்தால் கோப்பையே கிடைக்கும். விலாசம் யோசிக்கக்கூட இல்லை. சரியான விலாசத்துக்கு வந்து சேர்ந்துவிட்ட பார்சலை எந்த மடையனாவது திருப்பி அனுப்புவானா என்று கேட்டுவிட்டு மறுப்புப் பொத்தானை அமுக்கினார். கோப்பை கடைசிவரை கிடைக்கவே இல்லை. முப்பத்தாறில் தோள் போயிற்று, வேகம் போயிற்று. ஒரு சீசனில் பதினொரு ஆட்டம் வரிசையாகத் தோற்றான். அந்த வருடம் உள்ளூர் செல்வாக்கு தொண்ணூற்றேழுக்கு ஏறியது. இது விளையாட்டின் பிழை என்று விலாசம் நினைத்தார், பல்லக்கா அப்படி நினைக்கவில்லை. ஜெயிக்கிறவனைக் கொண்டாட எந்த ஊராலும் முடியும், தோற்றுவிட்டு பஸ்ஸில் வந்து இறங்குகிறவனுக்குத்தான் சொந்த ஊர் வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும் அவன் வாயைப் பார்த்துவிடுவாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் பார்ப்பாள். ஈறு இறங்கியிருக்கும், ஓரத்தில் ஒரு பல் மஞ்சளித்திருக்கும். பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நாற்பதில் அவன் காதோரம் நரைத்துவிட்டது. மார்க்கெட்டில் இருவரும் சேர்ந்து நடந்தால் புதிதாகக் கடை போட்டவர்கள் அக்காவும் தம்பியும் என்று நினைத்தார்கள். அவனுக்கு நாற்பத்தொன்று ஆனபோது அவளுக்கு நாற்பத்தாறு நடந்துகொண்டிருந்தது. அவன் தன்னைப் பிடிக்க இன்னும் ஒன்றேகால் வருடம் என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். போதும் விட்டுவிடு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விட்டால் பட்டியலிலிருந்து நீக்கம், விடாவிட்டால் தாண்டிப் போகிறான். அவள் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிற வரப்பில் நடக்கிறவளாக இருந்தாள், கூட நடக்கிறவனிடம் அதைக் காட்டிக்கொள்ளாமல்.

சீசனின் ஐந்தாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பல்லக்கா வாசற்படியில் முறத்தை வைத்துக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது நம்மாளு பையோடு வந்து நின்றான். சீசன் நடுவில் அவன் வந்ததே கிடையாது, வர விதியில் இடமும் கிடையாது.

"என்னடா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். இன்னும் நாலு சீசன் எறியலாம்." பையை இறக்கிவைத்து அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, முறத்திலிருந்து ஒரு பூண்டை எடுத்தான். "ஒவ்வொரு தடவையும் நீ என் வாயைப் பாக்குற. பாத்துட்டுத் திரும்பிக்குற. ஆட வேண்டியதை ஆடிட்டேன்மா. இனிமே உங்க ரெண்டு பேரோட சேர்ந்தே வயசாகிக்கிறேன்."

"பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்களேடா."

"எடுத்தா எடுக்கட்டும்" என்றான் அவன். அவள் முறத்தை அவன் பக்கம் தள்ளினாள். மிச்சத்தை அவனே உரித்தான்.

அன்று ஆறு மணிக்கு விலாசம் திரையைத் திறந்தபோது இருபத்தைந்து பேர் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்துநாலு பெயர்கள் இருந்தன. அவன் பெயர் இருந்த வரி, அதற்கு எதிரே இருந்த தொண்ணூற்றேழு, எதுவும் இல்லை. விலாசம் மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி தேடினார். அடுத்த அறையில் நம்மாளு துணி காயப்போடும் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எப்போது நிற்கும் என்று இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கயிறு கட்டி முடித்ததும் நின்றது, பிறகு அவன் சாப்பிட வந்தான்.

மறுநாள் காலை எழுந்ததும் பல்லக்கா முதலில் அவன் அறைக் கதவைத்தான் திறந்தாள். இருந்தான். அதற்கு மறுநாளும் இருந்தான். தினமும் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவினாள். பட்டறையில் வேலை ஓடவில்லை. ஒரு மேல்செட்டுக்குக் கீழ்ப்பல்லை நட்டுவிட்டு, பெரியவரிடம் பேச்சு வாங்கினாள். பட்டியலில் இல்லாதவன் எத்தனை நாள் இருப்பான் என்பதற்கு உதவிப் பக்கத்தில் பதில் இல்லை. ஊரும் ஒரு மாதிரி மாறியிருந்தது. நிழல் அவனுக்காகத் தெரு மாறவில்லை, ஒருநாள் நன்றாக நனைந்துகொண்டு வந்தான், ஏழு பத்து பஸ் அவன் கண்ணெதிரே கிளம்பிப் போயிற்று. யாரும் அவனை மறந்துவிடவில்லை. நம்மாளு என்றுதான் கூப்பிட்டார்கள், தோள் எப்படியிருக்கு என்று கேட்டார்கள், கேட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். ஆனால் பல்லக்காவுக்கு எதைப் பார்த்தாலும் அவன் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருப்பதாகவே பட்டது.

இருபத்துமூன்றாம் நாள் அவள் பட்டறையிலிருந்து கடைத்தெரு வழியாக வந்துகொண்டிருந்தாள். முடிதிருத்துபவர் கடை வாசலில் துண்டை உதறிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், சாதாரணமாக, விலை சொல்கிற குரலில் சொன்னார்.

"பையனை ஒரு நாள் அனுப்புங்கக்கா. முடி காதுமேல இறங்கிடுச்சு."

பல்லக்கா அப்படியே நின்றாள். காதுமேலயா என்று கேட்டாள். ஆமாம், கால் அங்குலத்துக்கு மேல் வளர்ந்திருக்கும், எல்லாருக்கும் இருபது நாளில் வளர்கிற மாதிரிதான் என்றார் அவர். பொத்தானை யாரும் அமுக்கவில்லை. சீசன் ஓடவில்லை. முடி வளர்ந்திருந்தது, இருபத்துமூன்று நாளுக்கு இருபத்துமூன்று நாள் அளவுக்கு. அவள் கடைத்தெரு நடுவிலேயே, பழக்கடைக்காரரின் காலிப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். முடிதிருத்துபவர் தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நம்மாளு முடி வெட்டிக்கொள்ளப் போனான். பல்லக்கா காய் வாங்கப் போகிற வழியில் கடைக்குள் எட்டிப் பார்த்தாள். அவனுக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். யாரும் எழுந்து இடம் விடவில்லை. அவன் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, பழைய பேப்பரைப் புரட்டிக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருந்தான்.